டேப்பைப் பின்னுக்குத் தள்ளி ஒட்டுவதா?

ரிலே பயிற்சி கொடுக்கும் நாலு பேர் சேர்ந்தால் 2021 ஆகஸ்ட் 6 இரவைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக், ஆண்கள் 4×100 இறுதி, ஜப்பானின் முதல் பாஸிங், அதாவது பேட்டன் கைமாற்றம். ஷுஹெய் தாதா பேட்டனை நீட்டிக்கொண்டு வருகிறார். ரியோத்தா யமகாத்தாவின் கை பின்னால் காத்திருக்கிறது. நடுவிலிருந்த இடைவெளி அடைபடுவதற்குள், பேட்டன் கைமாறியாக வேண்டிய 30 மீட்டர் மண்டலம் தீர்ந்துவிட்டது. அடுத்து நின்ற கிரியுவும் கோய்கேயும் பேட்டனைத் தொடவே இல்லை.

அந்தக் காட்சியை எவ்வளவு மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாலும் இருவரில் ஒருவர் தலையில் பழியைக் கட்ட எனக்கு மனம் வருவதில்லை. பாதி விஷயம் டேப் ஒட்டும்போதே முடிவாகிவிடுகிறது என்பதுதான் காரணம்.

வாங்கும் ஓட்டக்காரர் தன் லேனில் ஒரே ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளலாம். 5 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளத்துக்கு மிகாத டேப். தான் நிற்கும் இடத்திலிருந்து, கொடுப்பவர் வரும் திசையில், பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்து எண்ணிக்கொண்டே போய் அதை ஒட்டுவார். ஸ்பைக் ஷூ ஒன்றின் நீளம் 28 முதல் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல அணிகளில் இந்த எண்ணிக்கை இருபதுகளில் இருக்கும், சிலரிடம் முப்பதைத் தொடும். கொடுப்பவர் டேப்பைத் தாண்டும் கணத்தில் வாங்குபவர் கிளம்ப வேண்டும். கிளம்பிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. ஜப்பானியர்கள் “ஹாய்” என்று குரல் கொடுப்பார்கள், அதற்குப் பிறகுதான் கை பின்னால் போகும். இரைச்சலில் குரல் கேட்கவில்லை என்று வழக்கமாகச் சொல்லும் சாக்கும் இங்கே செல்லாது. கொரோனாவால் அந்த அரங்கில் பார்வையாளர்களே இல்லை.

ஒரு பாதம் கூட்டினால் என்ன ஆகிவிடும் என்று புதிதாக வரும் பயிற்சியாளர்கள் கேட்பார்கள். பார்க்க 30 செ.மீ.தான். ஆனால் அந்த 30 செ.மீ.யைக் கொடுப்பவர் ஓடித்தான் அடைக்க வேண்டும். அவர் நொடிக்கு 10.3 மீட்டர் வேகத்தில் வருகிறார், வாங்குபவர் அதற்குள் 9.7-ஐ எட்டிவிட்டார் என்று கொள்வோம். வித்தியாசம் நொடிக்கு 0.6 மீட்டர். 30 செ.மீ.யை அடைக்க அரை நொடி பிடிக்கும், அரை நொடியில் இருவரும் 5 மீட்டர் கடந்திருப்பார்கள். ஒரு பாதம் கூடினால் பேட்டன் கைமாறும் இடம் 5 மீட்டர் தள்ளிப்போகிறது. வாங்குபவரின் வேகம் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதாலும், கொடுப்பவர் கடைசி மீட்டர்களில் தளர்வதாலும் உண்மையில் அதைவிடவும் தள்ளும். இரண்டு பாதம் தவறாகக் கூட்டினால் மண்டலமே போதாது.

இவ்வளவு ஆபத்தான டேப்பை ஏன் தொட வேண்டும்? முந்தைய நாள் தகுதிச் சுற்றில் ஜப்பான் பத்திரமாகப் பாஸ் செய்து 38.16-இல் ஓடி, தன் ஹீட்டில் (தகுதிச் சுற்றின் ஒரு பிரிவு ஓட்டத்தில்) மூன்றாவதாக வந்து இறுதிக்குள் நுழைந்தது. இன்னொரு ஹீட்டில் 38.10 ஓடிய அமெரிக்கா ஆறாவதாக வந்து வீட்டுக்குப் போனது. அதாவது ஜப்பான் உள்ளே இருந்ததே ஹீட் அமைந்த விதத்தால். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதே 38.16 ஜப்பானுக்குத் தங்கம் தந்தது. ஒலிம்பிக் இறுதியில் அதற்கு ஒன்றும் கிடைக்காது. சொந்த மண்ணில் நடக்கும் ஒலிம்பிக், குறி தங்கம். பாதுகாப்பான பாஸிங்கை விட்டுத் துணிந்த பாஸிங்குக்குப் போனார்கள். கணக்குப்படி அது சரி. வாங்குபவர் கூடுதல் வேகத்தை எட்டிய பிறகு கைமாறினால் பேட்டனின் வேகம் குறைவாகவே சரியும். மூன்று மாற்றங்களிலும் 0.1 வீதம் மிச்சப்பட்டாலே 0.3 வந்துவிடும்.

அந்த முடிவை எடுத்தவர்கள் பாஸிங்கை அறியாதவர்களும் அல்ல. 2016 ரியோவில் ஜப்பானின் நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 நொடிக்குள் ஓடியதில்லை. ஆனாலும் 37.60 ஓடி, போல்ட் இருந்த ஜமைக்காவுக்கு (37.27) அடுத்து வெள்ளி வாங்கினார்கள். அந்த வெள்ளியில் பெரும் பங்கு கீழிருந்து மேலாகக் கொடுக்கும் பாஸிங்குக்கு உரியது. வாங்குபவர் கையை உயர்த்திப் பின்னால் நீட்டாமல் இடுப்புப் பக்கம் தாழ்த்தி வைப்பதால் ஓட்டத்தின் தாளம் கெடாது. ஆனால் கைகளை நீட்டுவதால் ஓடாமலே கிடைக்கும் இலவச தூரம் குறைவு, இருவரும் நெருங்கி வந்தாக வேண்டும். இது பிழை பொறுக்காத முறை. மேலிருந்து கொடுக்கும் முறையில் ஒரு மீட்டர் பின்தங்கினாலும் கையை எட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். இங்கே அந்த எட்டல் பாதிகூடக் கிடைக்காது.

டோக்கியோ அணி காகிதத்தில் ரியோ அணியைவிட வேகமானது. யமகாத்தா 9.95, கிரியு 9.98, கோய்கே 9.98, தாதா 10.01. என்னை உறுத்துவது இந்தக் காகிதம்தான். டேப்புக்குக் கொடுப்பவரின் வாழ்நாள் சாதனை தெரியாது, அந்த வாரம் அவர் கால் எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் அது கட்டுப்படும். தனிநபர் 100 மீட்டரில் தாதா, யமகாத்தா, கோய்கே மூவருமே முதல் சுற்றைத் தாண்டவில்லை. தாதா ஓடியது 10.22. அந்த வாரத்துத் தாதா ஒரு 10.22 ஓட்டக்காரர். அவருக்கு முன்னால் டேப்பைத் தள்ளிவைத்தால் அவர் யாரை எட்டிப் பிடிப்பார்?

இப்படிக் கேட்டதும் என் பதிலே எனக்குப் பிடிக்காமல் போகிறது. யமகாத்தாவும் அந்த வாரம் 10.15 ஓட்டக்காரர்தானே? வாங்குபவரும் மந்தமாக இருந்தால் இடைவெளி தானாகவே அடைபட வேண்டும். ஆனால் சோர்ந்த காலுடன் நிற்பவரின் முதல் 20 மீட்டர் அவ்வளவாகக் கெடுவதில்லை. கெடுவது கடைசி 20 மீட்டர், அதாவது கொடுப்பவர் இருக்கும் இடம். போதாக்குறைக்கு இறுதிப் போட்டியின் பதற்றத்தில் வாங்குபவர் டேப்பைச் சரியாகப் பார்ப்பதற்குள் கிளம்பிவிடுவது எல்லா மட்டத்திலும் நடக்கிறது. ஒரு பாதம் முந்திக் கிளம்பினால் அதுவும் இன்னொரு பாதம் கூட்டியதற்குச் சமம்.

முதல் மாற்றத்தை அப்படியே விட்டுவிட்டு மற்ற இரண்டில் மட்டும் துணிவதே நல்லது என்று தோன்றும். முதல் ஆள் பிளாக்கிலிருந்து எழுகிறார். அவர் ஸ்டார்ட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும், நூறாவது மீட்டரில் அந்த மாறுபாடு முழுசாகத் தெரியும். ஆனால் வெறும் இரண்டு மாற்றங்களில் 38.16-ஐ எங்கே கொண்டுபோவது?

பயிற்சி மைதானத்தில் நான் சொல்வதெல்லாம் வேறு. ஹீட்டுக்கும் இறுதிக்கும் நடுவே டேப்பைத் தொடாதீர்கள். காற்று திசை மாறினால் அரைப் பாதம், அதற்கு மேல் வேண்டாம். புது அளவு என்றால் முழு வேகத்தில் மூன்று முறை ஓடிப்பார்த்து, மூன்றிலும் பேட்டன் மண்டலத்தின் கடைசி 5 மீட்டருக்கு முன்பே கைமாறியிருக்க வேண்டும். மாற்றத்தைச் சுற்றிய 40 மீட்டரின் நேரத்தையும் எடுங்கள், எட்டிப் பிடித்ததா இழுத்துப் பிடித்ததா என்பதை அது சொல்லும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, டோக்கியோவில் நின்றிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால், தள்ளியிருப்பேன் என்றுதான் வாய் வருகிறது. இத்தாலி ஹீட்டில் 37.95 ஓடி, இறுதியில் 37.50-இல் தங்கம் வாங்கியது. ஒரே இரவில் 0.45 குறைக்க முடியும் என்று அவர்கள் காட்டிவிட்டார்கள்.

என்றாலும் இந்தத் துணிவு யாரிடமும் தங்குவதாகத் தெரியவில்லை. 2024 பாரிசில் அமெரிக்காவுக்கும் முதல் மாற்றமே கவிழ்ந்தது. கோல்மன் நெருங்குவதற்குள் பெட்னரெக் கிளம்பிவிட்டார், தகுதி நீக்கம். அதே இறுதியில் ஜப்பான் மூன்று பாஸிங்கையும் முடித்து 37.78-இல் ஐந்தாவதாக வந்தது.

இதில் என் கணக்கைக் குழப்பும் ஒன்று உண்டு. டோக்கியோவில் பிரிட்டன் 37.51-இல் வாங்கிய வெள்ளி, அந்த அணியின் உஜா சிக்கிய ஊக்கமருந்து வழக்கால் 2022 பிப்ரவரியில் பறிபோனது. வெண்கலம் நான்காவதாக வந்த சீனாவிடம் போயிற்று. சீனாவின் நேரம் 37.79, பாரிசில் ஜப்பான் மூன்று பாஸிங்கையும் முடித்து ஓடியதைவிட 0.01 அதிகம்.