அவுட்பில்டிங்குக்கு வந்த கல்யாணத் தட்டுகள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அவுட்பில்டிங் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் அதிகமாக வாழும் பகுதியான சாட்ஸ்வொர்த்தில் பல வீடுகளில் இப்படி ஒன்றைப் பார்க்கலாம். ஒரே அறை, சின்னக் குளியலறை, துணி துவைக்கும் தொட்டியைப் பார்த்த மாதிரி ஒரு கதவு. கல்யாணமான மகன் தனியாக இருக்கட்டும் என்றோ, வாடகைக்கு விடலாம் என்றோ கட்டிப் போடுவார்கள். 2020 மார்ச்சில் எங்களுடையது காலியாக இருந்தது. அதனால்தான் கொரோனா தொடங்கிய அந்த நேரத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய என்னால் வீட்டாரோடு சேராமல் தனிமையில் இருக்க முடிந்தது. இரண்டு அறை வீட்டில் ஏழு பேர் இருக்கும் குடும்பத்துக்கு 'தனியாக இருங்கள்' என்று சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

தங்கையின் பிரசவத்துக்காக லண்டன் ஈஸ்ட்ஹாமுக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்து, பத்தியச் சாப்பாடு ஒரு ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்த நேரம், மார்ச் 15ஆம் தேதி அதிபர் ராமபோசா தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார். ஆபத்து அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் பிரிட்டனும் இருந்தது. அங்கிருந்து வரும் வெளிநாட்டினருக்கு அனுமதி இல்லை. என்னிடம் தென்னாப்பிரிக்க பாஸ்போர்ட் இருந்ததால் வரலாம். ஆனால் வந்தால் தனிமையில் இருக்க வேண்டும். நாட்டின் முதல் கொரோனா நோயாளி எங்கள் குவாஸூலு நட்டால் மாகாணத்தைச் சேர்ந்தவர், இத்தாலி போய்விட்டு வந்தவர். மார்ச் 5 அன்று அந்தச் செய்தி வந்ததிலிருந்தே வெளிநாட்டுப் பெட்டியோடு இறங்குகிறவரை ஊர் ஒரு மாதிரி பார்க்கத் தொடங்கியிருந்தது.

டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தார்கள், படிவம் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். என் கணவர் நண்பர் ஒருவரிடம் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, கேட்டு வாங்கி வந்திருந்தார். பின்னால் மூடி போட்ட வண்டி. நான் பெட்டிகளோடு பின்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். வழியெல்லாம் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வீட்டில் பாப்பாவுக்கு ஆறு வயது. மாமியாருக்கு எழுபது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. நான் நேராகப் பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பாப்பா சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

மாமியாரை நானும் 'மா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் பேச்சில் பாதி ஆங்கிலம், பாதி கோவில் தமிழ். லண்டனிலிருந்தே நான் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தேன். தனித் தட்டு, தனி டம்ளர், தனி ஸ்பூன். கீழ் அலமாரியில் இருக்கும் எனாமல் தட்டும் மக்கும் போதும் என்று எழுதியிருந்தேன். முதல் நாள் ராத்திரி துவைக்கும் தொட்டி மேல் வந்து இறங்கியது வேறு. தங்க விளிம்பு போட்ட பீங்கான் தட்டு! மாவின் கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட். கண்ணாடி அலமாரியை விட்டு தீபாவளிக்குக்கூட வெளியே வராதது. அதில் சுகர் பீன்ஸ் கறியும் ரொட்டியும்.

"மா, எதுக்கு இது? பழைய தட்டு போதும்னு சொன்னேனே" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

"அந்தத் தட்டு என் மருமகளுக்கு வராது" என்றார். குரலில் கோபம் இருந்தது. என் மேல் இல்லை என்று புரிந்தது. ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் முற்றத்தில் நாற்காலி போட்டு, தள்ளி உட்கார்ந்து அவராகவே சொன்னார். மா பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் மாநகராட்சியில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களின் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழர்கள். ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பகுதி என்று பிரித்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் அங்கிருந்து கிளப்பி இந்தச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். மாவின் அம்மா பெரியா பகுதியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தாராம். பள்ளி விடுமுறையில் மாவும் கூடப் போவார். பின்வாசல் குழாயடியில் காலி ஜாம் டின் ஒன்று இருக்கும். அம்மாவுக்கு டீ அதில்தான். மாவுக்கு ரொட்டித் துண்டு செய்தித்தாளில் வரும். "தனித் தட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், மை கேர்ள். என் வீட்டுல அது நடக்காது."

எனக்கும் அது தெரியாததில்லை. கும்பகோணத்தில் பாட்டி வீட்டில் மாதம் மூன்று நாள் கொல்லைப்புறத்தில், நசுங்கிய அலுமினியத் தட்டோடு உட்கார்ந்தவள் நான். தண்ணீரைக்கூடத் தூக்கித்தான் ஊற்றுவார்கள். அப்போது என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. இது நானாக எடுத்த முடிவு என்று மாவிடம் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் தட்டை மாற்றவில்லை.

அன்று மாலை கணவர் இன்னொன்றை நினைவுபடுத்தினார். 1896 டிசம்பர் 18ஆம் தேதி கூர்லாண்ட், நாதேரி என்ற இரண்டு கப்பல்கள் பம்பாயிலிருந்து இதே டர்பன் துறைமுகத்துக்கு வந்தன. கூர்லாண்டில் காந்தி, மனைவி குழந்தைகளோடு இருந்தார். பம்பாயில் பிளேக் என்று காரணம் சொல்லிப் பயணிகளை 23 நாள் இறங்க விடவில்லை. கரையில் வெள்ளையர்கள் கூட்டம் போட்டு, அத்தனை பேரையும் திருப்பி அனுப்பு என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனவரி 13 அன்று இறங்கிய காந்தியைத் தெருவில் அடித்தார்கள். பிளேக் பயம் உண்மைதான். ஆனால் அந்த 23 நாளைக்கும் பயம் மட்டுமே காரணம் என்று இந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த ஒருவரிடம் போய், என்னை ஒதுக்கி வையுங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது மாதான். வீட்டில் அம்மை போட்டால் என்ன செய்வோம்? போட்டவரைத் தனியாகத்தான் படுக்க வைப்போம். ஆனால் அவர் அப்போது அம்மன். அவருக்குப் பிடித்ததைக் கொடுப்போம், விசிறுவோம், அவர் இருக்கும் அறைப் பக்கம் சத்தம் போட்டுப் பேச மாட்டோம். மா சிரிங்கா மரத்தில் கொத்தாக இலை ஒடித்து, கணவரிடம் கொடுத்து என் கதவில் செருகச் சொன்னார். எங்கள் வீட்டில் வேப்பிலைக்குப் பதில் அதுதான். அதன் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சாப்பாடு வேளை தவறாமல் வந்தது, எல்லாம் தங்க விளிம்புத் தட்டுகளில். போன தட்டு திரும்பி வீட்டுக்குள் வரக் கூடாது என்பது நான் போட்ட விதி. அதனால் நானே கழுவி அடுக்கி வைத்தேன். பாத்திரத்தைவிடக் காற்றுதான் பெரிய வழி என்பது பின்னால் தெளிவானது. அந்த மார்ச்சில் பால் பாக்கெட்டைக்கூட சோப்பு போட்டுக் கழுவிய காலம்.

குரங்குகளைச் சொல்லாமல் விட முடியாது. டர்பன் குரங்குகளுக்கு வைரஸ் தெரியாது, ரொட்டி தெரியும். தட்டை வைத்தவர் நாலு அடி நகர்வதற்குள் மாமரத்திலிருந்து இறங்கிவிடும். அப்புறம் தட்டு மேல் பெரிய சட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் செங்கல் வைக்க ஆரம்பித்தோம். செங்கல் வைப்பது பாப்பாவின் வேலை. அதற்காக மட்டும் அவள் சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வரலாம், வைத்துவிட்டு ஓட வேண்டும். அவள் மெதுவாகத்தான் ஓடினாள்.

நான் உள்ளே இருக்கும்போதே மார்ச் 26 நள்ளிரவில் ஊரடங்கு வந்தது. நடைப்பயிற்சிகூடக் கூடாது. தெருவே அவுட்பில்டிங் ஆகிவிட்டது. எனக்குக் காய்ச்சல் வரவில்லை. சொன்ன 14 நாள் முடிந்ததும் வெளியே வந்தேன், பாப்பாவைத் தூக்கிக்கொண்டேன். அடுத்து ஏப்ரல் 10, புனித வெள்ளி வந்தது. ஈஸ்டர் விடுமுறையில் ஆயிரக்கணக்கானவர்கள் வரும் இசிப்பிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழா அந்த வருடம் நடக்கவில்லை. மா வீட்டு முற்றத்திலேயே விளக்கேற்றினார்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அந்த எனாமல் தட்டும் மக்கும்.

அவை எங்கள் வீட்டில் வாரம் இருமுறை உதவிக்கு வரும் ஸூலு அம்மாவுடையவை. பக்கத்து உம்லாஸியிலிருந்து வருவார், நாங்கள் சிசி என்று கூப்பிடுவோம். இது நம் ஆட்கள் வீடுகளில் புதிதில்லை. ஜாம் டின்னில் டீ வாங்கிக் குடித்தவர்களின் பிள்ளைகள், அடுத்தவருக்குத் தனி மக் வைத்திருக்கிறோம். வெளியே வருவதற்கு முன்பே, ஜன்னல் வழியாக மாவிடம் கேட்டுவிட்டேன். "மா, அந்தத் தட்டு யாருடையது?" அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நானும் விடவில்லை. ஊரடங்கு முழுக்க சிசிக்குச் சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தோம். அனுப்பும்போதெல்லாம் அந்தப் பேச்சையும் எடுத்தேன். பெரியவரிடம் இப்படிப் பேசலாமா என்று கணவருக்குச் சங்கடம். பேசத்தான் வேண்டும் என்பது என் முடிவு.

ஜூன் மாதம் கட்டுப்பாடு மூன்றாம் நிலைக்கு வந்த பிறகு சிசி மாஸ்க்கோடு வந்தார். மா தானே டீ போட்டு, நாங்கள் குடிக்கும் கப்பில் ஊற்றி, சாசரோடு மேசையில் வைத்தார். நாற்காலியையும் இழுத்துப் போட்டார். கீழ் அலமாரியில் எனாமல் சாமான் எதுவும் இல்லை. எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. சிசி கப்பைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், உட்கார்ந்து குடித்தார். குடித்து முடித்துவிட்டு, "இது ரொம்பச் சின்னது, என் மக்கில் இரண்டு மடங்கு பிடிக்கும்" என்றார்.

அடுத்த வாரம் சாட்ஸ்வொர்த் சென்டருக்குப் போய் ஒரே மாதிரி பெரிய மக்குகள் வாங்கி வந்தோம், வீட்டில் எல்லோருக்கும். சிசிக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை, மாவுக்குச் சர்க்கரை கிடையாது. அந்த அடையாளத்துக்காக மட்டும் மா தன் மக்கின் பிடியில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார்.