ஏடிஏயு1701 போர்டைச் சோதித்து புரோகிராம் ஏற்றிய வரிசை

ஏடிஏயு1701 என்பது ஒலியை டிஜிட்டலாகப் பதப்படுத்தும் சிப். அது உள்ள போர்டில் சத்தம் வரவில்லை என்றால், பெரும்பாலும் சிப் போயிருக்காது. மின்சாரம், கிளாக், ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரு கம்பி இணைப்பு), வெளியீடு, உள்ளீடு, ஈப்ராம் (புரோகிராமைச் சேமிக்கும் மெமரி சிப்) என்று இதே வரிசையில் ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டு போனால் கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிடும். எடுத்தவுடன் பாட்டைச் செருகிக் கேட்டுப் பார்ப்பதில் பயனில்லை. சத்தம் வராவிட்டால் ஆறில் எது காரணம் என்று எப்படித் தெரியும்?

முதலில் மல்டிமீட்டர். 3.3 வோல்ட் இருக்கிறதா, அடுத்து 1.8 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த 1.8 வோல்ட்டை சிப்புக்கு வெளியே இருக்கும் ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் இறக்கித் தருகிறது. அதன் பேஸை சிப்பே இயக்குகிறது. 3.3 இருந்து 1.8 இல்லையென்றால் அந்த டிரான்சிஸ்டரின் சால்டரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிப்பின் சிஎம் காலில் (அனலாக் பகுதியின் அடிப்படை வோல்ட்டேஜ் வரும் கால்) 1.5 வோல்ட் வந்தால் அனலாக் பக்கமும் விழித்துவிட்டது என்று அர்த்தம்.

கிரிஸ்டல் 12.288 மெகாஹெர்ட்ஸ், அதாவது சாம்ப்ளிங் வேகமான 48 கிலோஹெர்ட்ஸின் 256 மடங்கு. ஸ்கோப் புரோபை 10எக்ஸில் வைத்துப் பாருங்கள். 1எக்ஸில் புரோபின் கெப்பாசிட்டன்ஸே அலைவை நிறுத்திவிடக்கூடும்.

இனி கணினியோடு இணைப்பு. அசல் யூஎஸ்பிஐ அடாப்டர் இல்லாவிட்டால் சிஒய்7சி68013ஏ சிப் உள்ள சிறிய போர்டும் போதும். அதற்கேற்ற டிரைவரைப் போட்டால், சிப்புக்குப் புரோகிராம் எழுதும் மென்பொருளான சிக்மாஸ்டூடியோ அதை ஏற்றுக்கொள்கிறது. ஐ2சியின் எஸ்டிஏ (டேட்டா), எஸ்சிஎல் (கிளாக்), அதோடு கிரவுண்ட் மூன்றையும் இணைத்து, செல்ஃப்பூட் (மின்சாரம் வந்ததும் சிப் ஈப்ராமிலிருந்து தானே புரோகிராமை ஏற்றிக்கொள்வது) ஜம்பரை லோவில் (0 வோல்ட்டில்) வையுங்கள். முகவரிக் கால்கள் இரண்டும் லோவில் இருந்தால் சிப்பின் முகவரி ஹெக்ஸ் 68. ஐ2சி பஸ் சும்மா இருக்கும்போது இரண்டு கம்பியிலும் 3.3 வோல்ட் நிற்க வேண்டும். நின்றால், கம்பிகளை அந்த வோல்ட்டேஜுக்கு இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்கள் சரி.

சிக்மாஸ்டூடியோவில் யூஎஸ்பி பெட்டி பச்சையானதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பச்சை, கணினிக்கும் அடாப்டருக்கும் இடையிலான இணைப்பை மட்டும்தான் சொல்கிறது. சிப் பதில் தருகிறதா என்று தெரிய ஒரு ரெஜிஸ்டரைத் திரும்பப் படித்துப் பாருங்கள்.

அடுத்து, உள்ளீட்டையே தொடாமல் சிப்புக்குள்ளேயே ஒரு 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை உருவாக்கி டாக்கில் (டிஜிட்டலை அனலாக் ஆக்கும் வெளியீட்டுப் பகுதி) விடுங்கள். என் கணக்கில் மொத்த வேலையிலும் அதிகம் சொல்லித்தரும் சோதனை இதுதான். 1000 ஹெர்ட்ஸ் வந்தால் கிளாக், பிஎல்எல் (சிப்பின் உள் கிளாக்கை உருவாக்கும் பகுதி) ஜம்பர், புரோகிராம் மூன்றும் சரி. 500 வந்தால் பிஎல்எல் 512 மடங்கில் நிற்கிறது, சாம்ப்ளிங் 24 கிலோஹெர்ட்ஸாகிவிட்டது. 667 வந்தால் 384 மடங்கு. 977 அருகில் வந்தால் யாரோ 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் போட்டிருக்கிறார்கள். காதுக்குப் பிடிபடாது, ஆனால் எல்லா ஃபில்டர்களும் அதே விகிதத்தில் நகர்ந்திருக்கும். முழு அளவில் டாக் தருவது 0.9 வோல்ட் ஆர்எம்எஸ். இதை அளக்க மட்டும் சைனை 100 ஹெர்ட்ஸுக்கு இறக்கிக்கொள்ளுங்கள், சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவு 1 கிலோஹெர்ட்ஸில் நம்பத்தக்கதல்ல.

வெளியீடு உறுதியான பிறகுதான் உள்ளீடு. சிப்பின் ஏடிசி (அனலாக்கை டிஜிட்டலாக்கும் உள்ளீட்டுப் பகுதி) வோல்ட்டேஜை அல்ல, கரண்ட்டை வாங்குகிறது: 100 மைக்ரோஆம்ப் ஆர்எம்எஸ் முழு அளவு. வெளியே இருக்கும் ரெசிஸ்டரோடு உள்ளே இருக்கும் 2 கிலோஓமையும் கூட்டி, அந்தக் கரண்ட்டால் பெருக்கினால் எத்தனை வோல்ட் தாங்கும் என்று கிடைக்கும். வெளியே 18 கிலோஓம் என்றால் 2 வோல்ட், 8 கிலோஓம் என்றால் 1 வோல்ட். 18 கிலோஓம் போர்டில் உள்ளீட்டை நேராக வெளியீட்டில் விட்டால் சுமார் 7 டெசிபெல் குறைந்து வரும். அது கோளாறு அல்ல, 2 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம்.

கடைசியாக ஈப்ராம், வழக்கமாக 24எல்சி256. அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஈப்ராமின் டபிள்யூபி கால் (எழுதுவதைத் தடுப்பது) புல்-அப்பில் ஹையாக இருக்கும். செல்ஃப்பூட் முறையில் ஈப்ராமில் எழுத வேண்டியிருந்தால் சிப் தானே அதை லோவாக்கும், கணினியிலிருந்து எழுதும்போது நாம்தான் ஜம்பரால் கிரவுண்டில் பிடிக்க வேண்டும். விட்டுவிட்டால் ஈப்ராம் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் தரும், ஒரு பைட்டும் எழுதாது. எழுதும் பெட்டியில் முகவரி ஹெக்ஸ் ஏ0, முகவரி பைட்கள் 2, பேஜ் (ஒரே முறையில் எழுதும் பைட் தொகுதி) அளவு 64 என்று கொடுங்கள். பேஜை 128 என்று கொடுத்தால் மிஞ்சும் பைட்கள் அதே பேஜின் தொடக்கத்தின் மேலேயே எழுதப்பட்டு புரோகிராம் சிதைந்துவிடும். ஸ்லைடர்களை நகர்த்திய பிறகு ஒருமுறை மறுபடியும் கம்பைல் செய்து டவுன்லோடு செய்யுங்கள். எழுதப்படுவது கடைசி கம்பைலின் மதிப்புகளே.

பிறகு டபிள்யூபி ஜம்பரை விடுவித்து, செல்ஃப்பூட்டை ஹையாக்கி, அடாப்டரைக் கழற்றிவிட்டு மின்சாரத்தை நிறுத்திப் போடுங்கள். பூட்டின்போது சிப்பே ஐ2சி மாஸ்டராகிறது, அதாவது கம்பிகளை அதுவே நடத்துகிறது. அடாப்டர் அதே கம்பிகளில் தொங்கினால் இரண்டும் மோதி, சரியாக எழுதிய புரோகிராமும் ஏறாமல் போகலாம்.