ரெஜிஸ்டரில் இருந்த 48

விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போர்டுகளை நீண்ட நேரம் ஓடவிட்டுச் சோதிப்பதுதான் பர்ன்-இன். போர்டின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கின் சப்ளையர் மாறியதிலிருந்து, பர்ன்-இன் ரெஜிஸ்டரில் அதன் வெப்பநிலை சட்டென்று இறங்கிவிட்டது. 70ஐ ஒட்டி இருந்தது 50க்குக் கீழே வந்தது. மீட்டிங்கில் எல்லோருக்கும் சந்தோஷம். ரெஜிஸ்டர் எழுதும் அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பவரை ஆஃப் பண்ணிட்டுத் தொட்டுப் பார்த்தேன் தம்பி, கை வைக்க முடியலை. இது எப்படி 48?" என்று வந்து கேட்டார்.

பழைய ஹீட் சிங்க் கறுப்பு அனோடைஸ் செய்தது, அதாவது மேலே கறுப்பு ஆக்சைடு பூச்சு உள்ளது. புதியது வெறும் அலுமினியம், பளபளவென்று இருக்கும். ரெஜிஸ்டருக்குச் சூட்டை அளப்பது, தொடாமலே அளக்கும் இன்ஃப்ராரெட் கன்னால். அது பரப்பிலிருந்து வரும் கதிர்வீச்சை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு நன்றாகக் கதிராக விடுகிறது என்பதற்கான எண் எமிசிவிட்டி, அதிகபட்சம் 1. எங்கள் கன்னில் அது 0.95, அதை மாற்ற வழியில்லை. கறுப்பு அனோடைஸுக்கு அது ஏறக்குறைய பொருந்தும். பளபளப்பான அலுமினியத்துக்கு 0.1கூட வராது. அது தன் சூட்டைக் கொஞ்சமாகத்தான் கதிராக விடும். சுற்றியிருக்கும் சுவரையும் கூரையையும்தான் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டும்.

ஹீட் சிங்கின் தட்டையான இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அழுத்தி ஒட்டினேன். பக்கத்திலேயே தொட்டுச் சூட்டை அளக்கும் கம்பியான மெல்லிய கே டைப் தெர்மோகப்பிளை, சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் பதித்து, போர்டை மறுபடி ஓடவிட்டோம். சூடு நிலைத்ததும் கன்னைக் கிட்டே பிடித்தால் டேப் மேல் 77. தெர்மோகப்பிளில் 79. மறுபக்கத்து வெறும் அலுமினியத்தில் 47. அக்கா மூன்றையும் தானே படித்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ நான் எழுதினது எல்லாம் தப்பாங்க தம்பி?"

"இல்லீங்கக்கா, ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்" என்றேன்.

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதில் பொய் இல்லை. ஒரே தூரம், ஒரே இடம், ஒரே மாதிரிப் பரப்பு என்றால், இருபது போர்டில் எது மட்டும் தனியாகச் சுடுகிறது என்பதைக் கன் சொல்லிவிடும். நானே தினமும் அதற்குத்தான் எடுக்கிறேன். கறுப்பு ஹீட் சிங்க் இருந்த காலத்து எண்களும் பெரிய அளவில் தவறில்லை. வருடக்கணக்காக அவ்வளவு பொறுப்பாக எழுதியவரிடம் வேறென்ன சொல்வது?

ஆனால் அவர் ஒப்பிடுவதற்காக எழுதவில்லை. ரெஜிஸ்டரில் 75க்குக் கீழே என்றால் டிக். அந்த 75 நிஜமான சூட்டுக்கு வைத்த எல்லை. அங்கே ஒப்பீடு உதவாது.

அதைவிட உறுத்துவது பக்கத்துக் கட்டம். அதில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் சூட்டை எழுதுகிறோம். பக்கவாட்டில் பிளாஸ்டிக் உறை, தலை வெறும் அலுமினியம். மேலிருந்து கன்னைப் பிடித்தால் அந்தத் தலைதான் மாட்டும், அதுவும் முழுசாக இல்லை. எங்கள் கன் 12:1, அதாவது தூரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அகல வட்டத்தைப் பார்க்கும். 30 செ.மீ. தூரத்தில் அது 2.5 செ.மீ. வட்டம், கெப்பாசிட்டரின் தலை அதில் பாதிகூட இல்லை. சிவப்புப் புள்ளி சரியாக அதன் மேல் விழுவதால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. லேசர் குறி பார்க்க மட்டும்தான். அது எதையும் அளப்பதில்லை. ஆகவே சப்ளையர் மாறுவதற்கு முன்பும் அந்தக் கட்டம் நம்பும்படி இல்லை.

மீட்டிங்கில் சொன்னேன். ஹீட் சிங்குக்கு டேப் ஒட்ட உடனே சம்மதித்தார்கள். கெப்பாசிட்டருக்கு, ஒவ்வொரு லாட்டிலும் ஒரு போர்டிலாவது தெர்மோகப்பிள் வைக்கலாம் என்றேன். "ஃபீல்டுல இருந்து கம்ப்ளெயின்ட் எதுவும் வரலையே" என்றார் மேனேஜர். அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பதுதான் எல்லோரும் போடும் கணக்கு. அப்படிக் கெடுவது முதல் வருடத்தில் தெரியாது. வாரண்டி முடிந்த பிறகு கெட்டுப்போகும் விளக்கைப் பற்றி எங்களுக்கு யார் போன் செய்யப் போகிறார்கள்?