ஆத்துக்கு இந்தப் பக்கம் – என் பிரசவ நாட்குறிப்பு

அக்டோபர் 12, 2025, ஞாயிறு

32 வாரம் தாண்டியாச்சு. டாக்டரம்மா குடுத்த தேதி டிசம்பர் 4. நேத்து செக்கப்புக்கு போனப்போ கேட்டேன், மேடம் பிரசவ நேரத்துல எனக்கு என்ன வேணும் என்ன வேணாம்னு எழுதி எடுத்துட்டு வரலாமான்னு. தாராளமா எழுதும்மா, ஆனா ஒரு பக்கத்துக்கு மேல போகாத, நைட் டியூட்டில இருக்குற சிஸ்டர் ஒரு நிமிஷத்துல படிச்சுடணும்னாங்க. அது சரியாப் பட்டுச்சு.

முதல் வரியா என் ரத்த வகைய எழுதினேன். ஓ நெகட்டிவ். இவரு பாசிட்டிவ். 28வது வாரத்துல ஐசிடி டெஸ்ட் (குழந்தை ரத்தத்துக்கு எதிரா என் ரத்தத்துல ஆன்டிபாடி உண்டாயிருக்கான்னு பாக்கறது) எடுத்து பிரச்சனை இல்லன்னு பாத்துட்டு, அது உண்டாகாம தடுக்கற ஆன்டி டி ஊசி போட்டாச்சு. குழந்தை பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல குரூப் பாப்பாங்க, பாசிட்டிவ்னு வந்தா 72 மணி நேரத்துக்குள்ள எனக்கு இன்னொரு ஊசி போடணும், ஏன்னா குழந்தையோட ரத்தம் கொஞ்சம் என் ரத்தத்துல கலந்தா என் உடம்பு அதுக்கு எதிரா வேலை செய்ய ஆரம்பிச்சுடும், அடுத்து உண்டாகுற குழந்தைக்கு அது ஆபத்து. பெத்த அசதில நானும் பேரக் கொஞ்சுற சந்தோஷத்துல வீட்ல இருக்கவங்களும் இத விட்டுடக் கூடாதுன்னு பெருசா, சிவப்பு பேனாவுல எழுதி வச்சிருக்கேன்.

ரத்தம் தேவைப்பட்டா எனக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏத்த முடியும். இவரு ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு, எப்ப கூப்பிட்டாலும் வரேன்னு சொல்லிட்டாரு. இன்னொருத்தர் தேடணும்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி போனதும் மழை பிடிச்சுக்கிச்சு. ஜன்னல் பக்கம் உக்காந்து இதத்தான் நெனச்சுட்டு இருக்கேன்.

எங்க வீடு புதுச்சேரில முதலியார்பேட்டை. அம்மா வீடு கடலூர்ல குண்டு உப்பலவாடி பக்கம். தலைப்பிரசவம் தாய்வீட்டுல, வளைகாப்பு முடிச்சு கூட்டிட்டுப் போயிடுவோம்னு அம்மா அஞ்சாம் மாசத்துல இருந்தே சொல்லிட்டு இருக்காங்க. சாதாரண நாள்ல ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடற தூரம்தான், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியகோயில், அப்புறம் தென்பெண்ணை பாலம், கடலூர். ஆனா எனக்கு தேதி டிசம்பர் மொத வாரம். போன வருஷம் அதே வாரம் என்ன நடந்துச்சுன்னு இந்தப் பக்கத்து ஆளுங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. நவம்பர் 30 ராத்திரி பெஞ்சல் புயல் புதுச்சேரிகிட்ட கரை கடந்துச்சு, ஒரே நாள்ல 48 செ.மீ.க்கு மேல மழை, எங்க தெருவுல முழங்கால் தண்ணி. அது முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள சாத்தனூர் அணைல தண்ணி தொறந்து தென்பெண்ணைல வெள்ளம் வந்து அம்மா வீட்டுப் பக்கமெல்லாம் மூழ்கிடுச்சு, அப்பா மொட்டமாடில இருந்து போன் பண்ணாரு. 2011ல தானே புயலும் டிசம்பர் 30தான், நான் அப்ப ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன்.

என் பைல், என் டாக்டர், எனக்கு ரத்தம் குடுக்கறவரு எல்லாம் புதுச்சேரில. நான் மட்டும் ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தா எப்படி? எந்த பொசிஷன்ல பெக்கணும் என்ன பாட்டு கேக்கணும்னு எழுதறதுக்கு முன்னாடி எந்தக் கரைல இருக்கணும்னு முடிவு பண்ணணும். நம்ம ஊர்ல பிரசவத்துக்கு திட்டம் போடறதுன்னா அதுதான் மொத கேள்வின்னு எனக்கு தோணுது.

இவருகிட்ட சொன்னேன். உங்கம்மாகிட்ட யாரு சொல்றதுன்னாரு.

நவம்பர் 3, திங்கள்

வளைகாப்பு நல்லபடியா நடந்துச்சு. ரெண்டு கையும் கண்ணாடி வளையல், அஞ்சு வகை சாதம், புளிசாதத்த மட்டும் மூணு தடவ வாங்கி சாப்பிட்டேன்.

எல்லாரும் கிளம்பற நேரத்துலதான் சொன்னேன். அம்மா, நான் இப்ப வரல, நீ இங்க வந்துடு, குழந்தை பொறந்து மழையும் விட்டப்புறம் உன்கூட வந்து எத்தன மாசம் வேணாலும் இருக்கேன்னு. அம்மா ஒண்ணும் பேசல. பெரியப்பாதான் இதென்ன புதுப் பழக்கம், ஊர்ல என்ன பேசுவாங்கன்னு சத்தம் போட்டாரு. அப்பா அவ்வளவா பேசற ஆளே இல்ல, அவரு எழுந்து, போன வருஷம் மொட்டமாடில நின்னது நான்தாண்ணே, புள்ளத்தாச்சிய அங்க வச்சிக்கிட்டு என்னால நிக்க முடியாது, அவ சொல்றதுதான் சரின்னாரு. எனக்கு தொண்டை அடச்சிடுச்சு.

அம்மா 16ம் தேதிக்கு மேல வரேன்னு சொல்லியிருக்காங்க. முகம் இன்னும் வாட்டமாத்தான் இருக்கு. அத்தை அம்மா கையப் பிடிச்சு, சம்பந்தி இது உங்க வீடு, அடுப்படி உங்களுது, பத்திய சமையல் எல்லாம் நீங்கதான்னு சொன்னாங்க. அத்தைக்கு நான் ரொம்ப கடமைப்பட்டிருக்கேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ராத்திரி ரெண்டு மணிக்கு வயிறு கல்லு மாதிரி இறுகுச்சு. எழுந்து தண்ணி குடிச்சு கொஞ்ச நேரம் நடந்து இடது பக்கமா சாஞ்சு படுத்ததும் விட்டுப் போச்சு. பொய் வலி. நெஜ வலின்னா நடந்தாலும் படுத்தாலும் விடாது, நேரம் போகப் போக கிட்ட கிட்ட வரும், அழுத்தமும் கூடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், இப்படியே ஒரு மணி நேரம் தொடர்ந்தா கிளம்பிடுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. பனிக்குடம் ஒடஞ்சா வலி இல்லன்னாலும் போகணும், தண்ணி பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா, ரத்தம் பட்டா, குழந்தை அசைவு கொறஞ்சா மணிய பாக்காம கிளம்பணும். இத ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கேன், இவரு மனப்பாடமே பண்ணிட்டாரு.

பிரசவ அறைக்குள்ள ஒரு ஆள் என்கூட இருக்கலாம், பொம்பளையா இருக்கணும். அரசு ஆஸ்பத்திரிகள்ல பிரசவ அறைல துணைக்கு ஒரு பெண்ண விடலாம்னு மத்திய அரசே 2016ல சொல்லியாச்சு, கூட ஆள் இருந்தா அம்மாவுக்கு நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனமும் சொல்லுது. நான் அக்கா பேரத்தான் எழுதியிருந்தேன். அக்கா ரெண்டு பெத்தவ, தைரியசாலி. அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, எனக்கு காய்ச்சல் வந்தாலே அழுதுடுவாங்க.

இன்னிக்கு போன்ல அம்மா கேட்டாங்க, உள்ள யாரு வராங்கன்னு. அக்கான்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னாங்க, உன்னப் பெக்கும்போது ராத்திரி பூரா நான் மட்டும்தான்டி கெடந்தேன், உங்கப்பா வெளிய வராண்டால, ஆயா கேட்டுக்கு வெளிய, தாகமா இருக்குன்னு சொல்லக்கூட பக்கத்துல ஆள் இல்ல, கத்தாதன்னு திட்டத்தான் வந்தாங்க, என் பொண்ணுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னு அன்னிக்கே நெனச்சேன்னாங்க. இத்தன வருஷத்துல இத ஒரு தடவகூட எங்ககிட்ட சொன்னதில்ல.

அக்கா பேர அடிச்சுட்டு அம்மா பேர எழுதிட்டேன். அக்கா வெளிய இருப்பா, அம்மாவுக்கு முடியலன்னா மாத்திக்கலாம். அம்மா மாத்திரைய வேளைக்கு போட்டுக்கணும்னு மட்டும் கண்டிஷன் போட்டிருக்கேன்.

நவம்பர் 15, சனி

37 வாரம். பேப்பர டாக்டரம்மா கைல குடுத்தேன், நிதானமா படிச்சாங்க.

வலி நேரத்துல நடக்க விடணும், மல்லாக்கவே படுக்க வைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேன். சரி, ஆனா அப்பப்ப குழந்தையோட இதயத்துடிப்ப பாக்கறதுக்கு படுக்கச் சொல்வோம்னாங்க. எனிமா, ஷேவிங் கட்டாயம் வேணாம்னதுக்கு டிக் போட்டாங்க. தையல் போடற வெட்டு தேவைப்பட்டா மட்டும், எங்கிட்ட சொல்லிட்டு போடணும், அதுக்கும் சரி. கொடிய உடனே வெட்டாம ஒரு நிமிஷமாவது விடணும்னு கேட்டேன், குழந்தைக்கு இரும்புச்சத்து கூடுதலா கெடைக்கும். நெகட்டிவ்னா முடியாதுன்னு சொல்வாங்களோன்னு பயந்தேன், உனக்கு ஆன்டிபாடி இல்ல, குழந்தை நல்லா அழுதா விடறோம்னாங்க.

ஒரு வரில மட்டும் நிறுத்தினாங்க. சிசேரியன் வேணாம்னு எழுதியிருந்த வரி. இத மாத்தி எழுதும்மா, சிசேரியன் பண்ண வேண்டி வந்தா எப்படி இருக்கணும்னு எழுது, அப்பத்தான் எங்களுக்கும் உபயோகம்னாங்க. வெளிய பெஞ்சுல உக்காந்தே மாத்தினேன்: காரணத்த எனக்கும் இவருக்கும் தமிழ்ல சொல்லணும், முடிஞ்ச சீக்கிரம் குழந்தைய என் நெஞ்சுமேல போடணும், முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால்.

வீட்ல சேனை வைக்கிற பேச்சு இருக்கு. மாமா கையால தேன் தொட்டு வைக்கணுமாம், அவரு குணம் வருமாம். மாமா குணம் வரட்டும், எனக்கும் ஆசைதான், ஆனா ஒரு வயசு வரைக்கும் குழந்தைக்கு தேன் கூடவே கூடாது, சர்க்கரைத் தண்ணியும் வேணாம், முதல்ல சீம்பால்தான். மாமாவே முதல்ல மடில வாங்கிக்கட்டும்னு அத்தைகிட்ட சொன்னேன், ஒத்துக்கிட்டாங்க.

நவம்பர் 22, சனி

அம்மா வந்து அஞ்சாறு நாளாகுது. வந்த அன்னிக்கே சுக்கு, திப்பிலி, ஓமம்னு பிரசவ மருந்துக்கு டப்பா டப்பாவா அடுக்கியாச்சு. எனக்கு சீரகத் தண்ணி, அத்தைக்கு மூட்டு வலித் தைலம். ரெண்டு பேரும் சாயங்காலம் ஒண்ணா உக்காந்து பழைய காட்டன் புடவைய குழந்தைத் துணிக்கு கிழிக்கறாங்க.

பை ரெடி. தாய் சேய் அட்டை, ஸ்கேன், ஆதார், ரத்த குரூப் ரிப்போர்ட் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல, மழைல நனையாம. நெல்லித்தோப்புல ரெண்டாவது ஓ நெகட்டிவ் ஆள் கெடச்சாச்சு.

மழை வானிலை நியூஸ் தினமும் பாக்கறோம். இந்திரா காந்தி சிலைகிட்ட தண்ணி நின்னா வண்டி நகராது, அதனால ரெட் அலர்ட்னு சொன்ன உடனே, வலி இருந்தாலும் இல்லன்னாலும், ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கற சித்தி வீட்டுக்கு நானும் அம்மாவும் போயிடுவோம். சித்தி கட்டில் ஒண்ணு காலி பண்ணி வச்சிட்டாங்க. வேற யாருக்காவது இந்த மழைக்கு தேதி இருந்தா, டாக்டர்கிட்டயோ கிராம நர்ஸ்கிட்டயோ இப்பவே கேட்டு வையுங்க, புயல் வர்றதுக்கு முன்னாடியே நிறை மாசக்காரங்கள அட்மிட் பண்ணிடுவாங்க, கூச்சப்பட வேணாம்.

இன்னிக்கு மத்தியானம் சாப்பிட்டுட்டு படுத்து அசைவு எண்ணினேன், ஒரு மணி நேரத்துக்குள்ளயே பத்து வந்துடுச்சு. செவ்வாய்க்கிழமை என்எஸ்டி (குழந்தையோட இதயத்துடிப்ப பாக்கற டெஸ்ட்) எடுக்க வரச் சொல்லியிருக்காங்க.