கையெழுத்து இதழில் ஆசிரியருக்கும் ஒரு பக்கம்

பள்ளிக்குத் திரும்பி வரும் பழைய மாணவர்கள் மதிப்பெண் பதிவேட்டைக் கேட்பதில்லை. "கையால எழுதி ஒரு புக்கு போட்டோமே சார், அது இருக்கா?" என்பார்கள். எடுத்துக் கொடுக்க முடிவது அபூர்வம். பெரும்பாலும் குற்றவாளி ஸ்டேப்ளர் பின். கடலூர், புதுவை உப்புக்காற்றில் அது சீக்கிரமே துருவேறித் தாளையும் அரித்துவிடும். எனவே வகுப்பின் கையெழுத்து இதழை நூலால் தைப்பதுதான் சரி.

நாற்பது பேர் வகுப்புக்கு 8 ஏ3 தாள் போதும். ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் ஏ4 அளவில் 32 பக்கம். 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாளின் எடை) வாங்குங்கள், 75-ல் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும். முதல் பக்கம் அட்டை, அடுத்தது பொருளடக்கம். ஆளுக்கு 12 வரி, பக்கத்துக்கு இருவர் என்றால் 20 பக்கம். படங்களுக்கு 5, ஆசிரியருக்கு 1. 32 பின்னட்டை. 29 முதல் 31 வரை வெற்றாக இருக்கட்டும். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

எல்லோரும் சொதப்புவது பக்க வரிசையில்தான். எல்லாவற்றுக்கும் வெளியே வரும் தாளின் ஒரு முகத்தில் 1-ம் 32-ம், மறுமுகத்தில் 2-ம் 31-ம் வரும். எந்தத் தாளிலும் ஒரு முகத்தின் இரண்டு எண்களைக் கூட்டினால் 33. உள்ளங்கை அளவில் ஒரு டம்மி (மாதிரி இதழ்) மடித்து எண் போட்டுப் பார்த்த பிறகே எழுதக் கொடுங்கள். மடிப்போரம் 2.5 செ.மீ. விட வேண்டும். பால்பாயிண்ட் பேனா மட்டும். மைப்பேனா எழுத்து ஐப்பசி மழையின் ஒரு சொட்டுக்குத் தாங்காது.

தைக்கக் கோணூசி வேண்டாம், துளை பெரிதாகிக் கிழியும். காம்பஸ் முள்ளால் மடிப்பில் ஐந்து துளை. மெழுகுவர்த்தியில் இழுத்த கெட்டி நூல் 90 செ.மீ. நடுத்துளையில் உள்ளிருந்து தொடங்கி, மேல்முனைவரை போய்த் திரும்பி, நடுவைத் தாண்டிக் கீழ்முனையையும் தொட்டு, நடுத்துளைக்கே வந்து முடிச்சு.

தலைப்பில்தான் உயிர் இருக்கிறது. 'மழைக்காலம்' என்று கொடுத்தால் நாற்பது பேரும் உரைநூல் கட்டுரையையே எழுதுவார்கள். பண்ருட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும்போது தெறிக்கிற எண்ணெய் கையை என்ன செய்யும் என்று தெரியும். துறைமுகத்துப் பிள்ளைக்கு வலைக்கண்ணை விரல்விட்டுப் பார்க்கத் தெரியும். 'உன் வீட்டில் ஒருவருடைய கை செய்யும் வேலையை வரிசையாக எழுது' என்று கேளுங்கள். 'அழகான', 'இனிய' இரண்டுக்கும் தடை. பேச்சு வரும் இடத்தில் 'வந்துகினு' இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ல, ள, ழ பிழைகளை வரைவிலேயே பென்சிலால் திருத்தினால் போதும்.

பிள்ளைகள் எழுதுகிற இருபது நிமிடமும் ஆசிரியர் அதே தலைப்பில் அதே 12 வரியை எழுத வேண்டும். ஆண்டு முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கிற கைக்கு எழுத மறந்துபோகும். பாடக்குறிப்பெல்லாம் எழுத்தில் சேராது. (அத்தனை கவிதை எழுதிய பாரதிதாசனும் 1946-ல் ஓய்வு பெறும்வரை புதுவையில் பள்ளித் தமிழாசிரியர்தான்.) ஆனால் உங்கள் பக்கத்தை முதலில் வாசித்துவிடாதீர்கள். அது மாதிரி விடையாகி, நாற்பது நகல் வந்து சேரும். கடைசியில் வாசியுங்கள், பிள்ளைகள் குறை சொல்லட்டும்.

இதழை லேமினேட் செய்யாதீர்கள். ஓரம் பிரிந்து ஈரம் புகுந்தால் வெளியேற வழியில்லை. செல்லோ டேப் பழுப்பேறிக் கறை விடும். பருத்தித் துணியில் சுற்றி, வசம்புத் துண்டு ஒன்று போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். 2011-ல் தானே புயலும் 2015-ல் வெள்ளமும் பார்த்த ஊரில் கீழ்த்தட்டு காகிதத்துக்கு ஆகாது. செல்போனிலும் படமெடுத்து வைக்கலாம்: ஏ4 பக்கம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480×3508 புள்ளி, ஏறக்குறைய 9 மெகாபிக்சல். சன்னலோர வெளிச்சம் போதும், ஃபிளாஷ் கூடாது.

கேட்டு வருகிறவருக்கு நகல் கொடுங்கள், மூலம் பீரோவைவிட்டுப் போகக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போடுவதானால் எழுதியவரைக் கேட்டாக வேண்டும். பதின்மூன்று வயதில் அப்பாவின் கடனைப் பற்றி எழுதியவர், முப்பது வயதில் அதை ஊர் படிப்பதை விரும்பமாட்டார்.

வெற்றாக விட்ட மூன்று பக்கமும் இப்படித் திரும்பி வரும் பழைய மாணவர்களுக்குத்தான். பழைய 12 வரியைப் படித்ததும், அதே தலைப்பில், அன்றைய தேதி போட்டு இன்னொரு 12 வரி. ஆறு பேருக்கு இடமிருக்கும். அதற்குமேல் தனித்தாளில் எழுதிச் செருகலாம். பால்பாயிண்ட் பேனா ஒன்றை நீங்களே எடுத்து வையுங்கள். வருகிறவர் சட்டைப்பையில் இப்போதெல்லாம் செல்போன்தான் இருக்கிறது.