ஜிப்சி கிங் இன்ஜின் மாற்றம்: பழைய ஈசிஎம்மா, புதிய ஈசிஎம்மா?

என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டு மாருதி ஜீப்பான ஜிப்சி கிங். 1298 சிசி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் பழைய கருவி) இன்ஜின். தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும்போது, உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும் வசதி கார்புரேட்டருக்குக் கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறும். சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கும். சென்ற ஆண்டு இன்ஜின் ஆயில் குடிக்கவும் தொடங்கியதால், ரீபோர் செய்வதை (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதை) விட்டு எம்பிஎஃப்ஐ இன்ஜினுக்கே மாறிவிடுவதென்று முடிவு செய்தேன். இதில் ஈசிஎம் எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கணக்கிட்டுச் சொல்லும் அளவு பெட்ரோலை இன்ஜெக்டர்கள் தெளிக்கும். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தொடர்பான அனுமதியைப் பதிவு அதிகாரியிடம் வாங்கிய பிறகே வேலையில் இறங்கினேன்.

இரண்டு இன்ஜின்கள் கைக்கு எட்டின. ஒன்று, 2000 வாக்கில் ஜிப்சியிலேயே வந்த 16 வால்வு எம்பிஎஃப்ஐ. மற்றொன்று, பல ஆண்டுகள் பிந்திய ஒரு காரின் இன்ஜின். சக்தியும் அதிகம், மைலேஜும் அதிகம். என் மனம் முதலில் இரண்டாவதன் பக்கமே சாய்ந்தது. ஆனால் அதன் ஈசிஎம் தனியாக இயங்காது. சாவியில் உள்ள சிப்பும் இமொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவியும் ஈசிஎம்மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் பெட்ரோல் பாயும். ஆக்சிலரேட்டரில் கேபிளுக்குப் பதிலாக இரட்டை சென்சார் கொண்ட பெடல். மீட்டர் போர்டுடன் பேசுவதற்கு 'கேன்' எனப்படும் இரட்டைக் கம்பி இணைப்பு. இன்ஜினோடு அந்தக் காரின் பாதி வயரிங்கையும் ஜிப்சிக்குள் திணிக்க வேண்டியிருக்கும். ஜிப்சியில் இன்ஜின் நீளவாட்டில் இருக்கும்; இதுவோ குறுக்குவாட்டில் பொருத்தப்பட்ட இன்ஜின் என்பதால் மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடிப்பு), சம்ப் (ஆயில் தொட்டி), கியர்பாக்ஸ் இணைப்பு எல்லாவற்றையும் புதிதாகச் செய்தாக வேண்டும்.

ஆகவே பழையதையே எடுத்தேன். இன்ஜின், ஈசிஎம், முழு வயரிங் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து, ஒரு கப்ளரைக்கூட (வயர் இணைப்பானைக்கூட) வெட்டாமல் கழற்றி வந்தேன். பட்டறையில் அதைப் பிரித்துப் பார்த்த எலக்ட்ரீஷியன், "வயரை வெட்டாம கொண்டாந்தீங்களே அண்ணா, பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஈசிஎம்முக்கு நிரந்தர பேட்டரி கம்பி, இக்னிஷன் கம்பி, நல்ல எர்த், பெட்ரோல் பம்ப் ரிலே ஆகியவற்றைக் கொடுத்ததும் அது விழித்துக்கொண்டது. கார்புரேட்டருக்கான மெக்கானிக்கல் பம்ப்பின் அழுத்தம் இன்ஜெக்டருக்குப் போதாது என்பதால், டேங்குக்குள் மின்சார பம்ப்பும், உயரழுத்தம் தாங்கும் ஹோஸும், டேங்குக்குத் திரும்பும் ஒரு லைனும் போட்டோம்.

முதல் நாள் ஸ்டார்ட் ஆனது. செக் இன்ஜின் விளக்கும் எரிந்தபடியே நின்றது. இந்தப் பழைய சுசுகி முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஸ்கேனர் தேவையில்லை. டயக்னோசிஸ் முனையை எர்த்துடன் இணைத்தால், கோளாறின் எண்ணை விளக்கே சிமிட்டிக் காட்டும். கோளாறு இல்லையென்றால் 12. எனக்கு ஒருமுறை சிமிட்டி, சற்று நின்று, நான்கு முறை சிமிட்டியது: 14, அதாவது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) வெப்ப சென்சார். சென்சாரைக் கழற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியுடன் தொங்கவிட்டு மல்டிமீட்டரில் அளந்தேன். 20 டிகிரியை ஒட்டிய நீரில் மின்தடை சுமார் இரண்டரை கிலோ ஓம். அடுப்பில் வைத்து 80 டிகிரிக்குக் கொண்டுபோனதும் 300 ஓம் அளவுக்கு இறங்கியது. சூடேறும்போது இப்படி இறங்குவதே சரி என்பதால், சென்சாரில் குறையில்லை என்பது தெளிவாயிற்று. கப்ளரைக் கவிழ்த்துப் பார்த்தபோது, ஒரு பின் பச்சை பூத்துப் பின்வாங்கி உட்கார்ந்திருந்தது. அதை மாற்றிவிட்டு, பேட்டரியைச் சிறிது நேரம் கழற்றிப் பூட்டியதும் விளக்கு 12ஐச் சிமிட்டியது.

புதிய ஈசிஎம்மைக் குறைத்து மதிப்பிடவில்லை. அதே காரின் வயரிங், சாவி, பெடல், மீட்டர் போர்டு அனைத்தும் கிடைத்து, வயரிங் படத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் அருகில் இருந்தால், அதையே பரிந்துரைப்பேன். ஆனால் பென்னாகரம் தாண்டிக் காட்டுச் சாலையில் நிற்கும்போது, ஒரு துண்டுக் கம்பியால் கோளாறைப் படிக்க முடிகிற வண்டிதான் எனக்கு வேண்டும்.

நேற்று வத்தல்மலை ஏறினேன். மூன்றாம் கியரில் எங்கும் திணறவில்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. ஐடிலிங் (நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) மட்டும் இன்னும் சற்று ஏறி இறங்குகிறது. ஐடில் வால்வைக் கழற்றிக் கரியைத் துடைப்பது இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை.