சாண எரிவாயு அடுப்பு சரியாக எரியவில்லையா?
நாளுக்கு 2 கனமீட்டர் வாயு தரும் கலனுக்கு தினமும் 50 கிலோ பச்சைச் சாணம் வேண்டும். நாலைந்து மாடு இருந்தால் போதும். சம அளவு தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, வைக்கோல் துரும்பைப் பொறுக்கிவிடுங்கள். துரும்பு மேலே ஆடையாகப் படர்ந்தால் வாயு அடியிலேயே சிக்கிக்கொள்ளும்.

புதுக் கலனில் முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, தீப்பற்றாது. காற்றும் கலந்திருக்கும் என்பதால் குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டவே கூடாது. திறந்தவெளியில் வெளியேற்றிவிடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது தொழுவம் கழுவும் தண்ணீரில்தான். பினாயிலோ சோப்போ கலந்த நீர் உள்ளே போனால் எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். மார்கழிக் குளிரில் வாயு குறைவது இயல்பு. அதை ஈடுகட்டக் கூடுதல் சாணத்தைக் கொட்டினால் கலன் புளித்து, இருப்பதும் நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுங்கள், அளவைக் கூட்டாதீர்கள்.

சுடர் துடித்துத் துடித்து எரிகிறதா? குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. குழாயைச் சரிவாகப் போட்டு, தாழ்வான இடத்தில் நீர் வடிக்கும் வால்வு வையுங்கள். மஞ்சளாக எரிந்தால் பர்னரின் காற்றுத் துளையைத் திறந்துவிட வேண்டும்.

கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசல் நல்ல உரம், வாயுவைவிடக் குறைந்த சொத்தல்ல. வெயிலில் காயப்போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். பாசன நீரோடு கலந்து விடுங்கள், அல்லது நிழலில் இலைதழையோடு மட்க வையுங்கள்.